எழுதாமல் விட்ட வரி

(நூற்றாண்டு விழா விஞ்ஞானக் கருத்தரங்கில், 1995ஆம் ஆண்டு உயர்தர விலங்கியல் வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இதை வாசிப்பவர் ஒருவர். எழுதியவர்கள் ஐந்து பேர். 1995இல் விலங்கியல் ஆய்வுகூடத்தின் கடைசி வாங்கில் ஒன்றாக இருந்த ஐந்து பேர். இருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம், ஒருவர் கொழும்பில், மற்ற இருவர் வெளிநாட்டில். ஆகவே இவ்வுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் ஐவரும் சேர்ந்தே பேசுகிறோம்.

அந்துப்பூச்சி வளர்ப்பதைப் பற்றிப் பேசவே வந்தோம். முட்டையிலிருந்து கூட்டுப்புழு வரை ஓர் உயிரை எப்படி வளர்ப்பது, எதைப் பார்ப்பது, எதை எழுதுவது என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி சங்கம் கேட்டது. அதைச் சொல்வோம். அதோடு எங்கள் விலங்கியல் ரீச்சருக்குச் சொல்லவேண்டிய ஒன்றும் 30 ஆண்டுகளாகப் பாக்கியாக இருக்கிறது. ரீச்சரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் அவரிடம் படியாதவர்கள் சிலரே. இன்றைக்கு முன்வரிசையில் வந்து இருக்கிறார்.

ஆய்வுகூடத்துக்கும் பிரார்த்தனை மண்டபத்துக்கும் நடுவில் நிற்கும் நந்தியாவட்டை வரிசை உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலைப் பூசைக்குப் பூப்பறித்த மரங்கள். 1995 ஒக்ரோபர் முதற்கிழமை, முதல் மழைக்குத் துளிர் விட்டிருந்த நேரம், அந்த இலைகளில் மூன்று முட்டைகளையும் ஒரு பச்சைப் புழுவையும் கண்டோம். புழுவைக் கண்டதும் கத்தியவர்கள் இப்போது இங்கே கதிரையில் அமைதியாக இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டோம். ரீச்சர் வந்து பார்த்தார். "கத்தினது போதும். கொப்பி எடுங்கோ" என்றார்.

அது நந்தியாவட்டையிலும் அலரியிலும் வாழும் ஓர் அந்து. டப்னிஸ் நேரியை என்பது விஞ்ஞானப் பெயர். 1758இல் லின்னேயஸ் இட்ட பெயரின் பிற்பாதி அலரியைக் குறிக்கும். ஆபிரிக்காவிலும் ஆசியாவின் வெப்ப நாடுகளிலும் பரந்து காணப்படும் இனம். பருந்துபோல் விரைந்து பறக்கும் அந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறகை விரித்தால் 9 முதல் 11 சென்ரிமீற்றர் வரை வரும். பச்சையும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்து, பாசி படிந்த சலவைக்கல் போலிருக்கும். பொழுதுபடும் நேரம் மல்லிகை போன்ற வாசப் பூக்களைத் தேடி வந்து, பூவில் இருக்காமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். இவ்வளவு அழகான ஒன்று எங்கள் முற்றத்திலேயே இருந்தது, நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஐந்து வருடம். கொப்பிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்துத் திரி போட்டுப் படித்த தலைமுறை நாங்கள். அண்ணா ஒருவரின் பழைய கணக்குக் கொப்பியில் எழுதாத பக்கங்களைப் பிடுங்கித் தைத்து, அதையே அவதானிப்புக் கொப்பி ஆக்கினோம். ரீச்சர் அதில் கோடு கீறித் தந்தார். திகதி, நேரம், நீளம், நிறம், என்ன செய்தது, எங்கே எந்த நிலையில் கண்டெடுத்தது. கடைசி நிரல் எதற்கென்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

முதற்பக்கத்தின் மேலே அவர் தன் கையாலேயே எழுதினார்: "கண்டதை எழுதுங்கோ. காணாததை எழுதாதேங்கோ."

இனிப் பிள்ளைகளுக்காக, ஒவ்வொரு நிலையாகச் சொல்கிறோம். நாட்களின் கணக்கை எங்கள் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. பழைய கொப்பியிலிருந்தும், இவ்வாண்டு தை மாதம் தரம் 12 மாணவிகளோடு சேர்ந்து இதே நந்தியாவட்டையில் மறுபடி வளர்த்தபோது அவர்கள் எழுதிய கொப்பியிலிருந்தும் எடுத்தோம். இரண்டும் அதோ அந்த மேசையில் இருக்கின்றன.

முதலாவது முட்டை. கடுகை விடச் சற்றுச் சிறியது, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். உருண்டை, இளம்பச்சை. தாய் அந்து கூட்டமாக இடாது. இளம் இலைகளில் ஒவ்வொன்றாக இடும். அதனால் தேடும்போது இலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் பார்க்கவேண்டும். முட்டையை விரலால் பிடுங்கக் கூடாது. இலையோடு கொய்து, மூடியில் துளையிட்ட போத்தலில் வைத்தால் போதும். இவ்வாண்டு மாணவிகள் தாய் அந்து வந்து இட்டதையே பொழுதுபடும் நேரத்தில் கண்டார்கள். நான்காம் நாள் காலை முட்டை பொரித்தது.

இரண்டாவது குடம்பி. பொரித்து வந்தது 3, 4 மில்லிமீற்றர்தான் இருக்கும். மஞ்சள் நிறம், வாற்பக்கத்தில் மயிர் போல மெல்லிய, நீண்ட கறுப்புக் கொம்பு. முதலில் தன் முட்டைக்கோதில் கொஞ்சம் தின்றது, பிறகு இலைக்குப் போனது. இலை தின்னத் தின்ன உடல் பச்சையானது.

வளர்ப்பதில் முக்கால்வாசி துப்புரவுதான். தண்டைத் தண்ணீர்ப் போத்தலில் நிறுத்தி இலை வாடாமல் வைக்கவேண்டும். போத்தலின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் குடம்பி தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கும். பெட்டியின் வாயை மெல்லிய சீலையால் கட்டவேண்டும். அடியில் விரித்த கடதாசியைத் தினமும் மாற்றவேண்டும். ஈரம் தேங்கினால் நோய் வரும். மருந்தடித்த இலை ஒன்று போதும், எல்லாம் முடிந்துவிடும். நந்தியாவட்டையின் பாலும் அலரியின் பாலும் எங்களுக்கு நல்லதல்ல, குறிப்பாக அலரி கொடிய நஞ்சு. இலை கொய்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வாயிலோ கண்ணிலோ வைக்கக் கூடாது.

எச்சத்தையும் பார்க்கவேண்டும். முகம் சுழிக்காதீர்கள். வளர்ந்த குடம்பியின் எச்சம் சிறு பீப்பாய் வடிவம், சுற்றிவர ஆறு வரம்பு. மரத்தில் புழுவைத் தேடிக் களைப்பவர்கள் நிலத்தில் எச்சத்தைத் தேடினால், அதற்கு நேர் மேலே புழு இருக்கும். மின்சாரமில்லாத அந்த இரவுகளில், பெட்டிக்குள் கடதாசியில் எச்சம் 'டொக்' என்று விழும் ஓசை எங்களுக்குக் கேட்கும். அந்த ஓசை கேட்டால் அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

குடம்பியின் தோல் வளராது. ஆகவே நான்கு முறை தோல் கழற்றும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஒரு நாள் அளவில் தின்னாமல், அசையாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில்தான் பிழை விடுவார்கள். செத்துவிட்டதென்று தட்டிப் பார்ப்பார்கள், பிடித்து வேறு இலைக்கு மாற்றுவார்கள். எங்கள் மூன்று முட்டைக் குஞ்சுகளில் ஒன்று இரண்டாம் தோல் கழற்றும்போது செத்தது. அதை இலையிலிருந்து பிடுங்கி மாற்றியவர்கள் நாங்கள். கொப்பியில் அதையும் எழுதினோம். இன்னொன்று உடல் தளர்ந்து, கறுத்து, நாற்றமெடுத்துச் செத்தது. பெட்டியின் ஈரம் காரணமாக இருக்கலாம் என்று எழுதினோம். 'இருக்கலாம்' என்ற சொல்லை ரீச்சரே சேர்த்தார்.

ஐந்தாம் பருவத்தில் அதன் நீளம் எங்கள் நடுவிரல் அளவு, 7 தொடக்கம் 8 சென்ரிமீற்றர். அப்பிள் பச்சை உடல், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, கோட்டை ஒட்டிச் சிறு வெண்புள்ளிகள். தலைக்குப் பின்னால் மூன்றாம் கண்டத்தில் நீல நிறத்தில் இரண்டு 'கண்கள்'. அவை கண்களல்ல, வெறும் நிறம். தொட்டால் உண்மையான தலையை உள்ளே மடக்கி, இந்தப் பொய்க் கண்களை விரித்துக் காட்டும். குருவி பயப்பட்டதா என்று நாங்கள் காணவில்லை. எங்களில் ஒருத்தி பயந்து பெட்டியைக் கீழே போட்டதைக் கண்டோம். இரண்டில் ஒன்றைத்தான் கொப்பியில் எழுத முடிந்தது.

மரத்திலிருந்து புழுவாகவே எடுத்த நான்காவதுக்கு என்ன ஆனதென்று சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் அதுவே பெரிதாகவும் கொழுப்பாகவும் இருந்தது. முதலில் அந்தாகப் போவது அதுதான் என்று காத்திருந்தோம். ஒருநாள் காலை அது சுருங்கிக் கிடந்தது. உடலைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்து, கடதாசியில் சிறு மண்ணிறக் குளிகைகள் போல உறைந்திருந்தன. ஒன்றரைக் கிழமைக்குள் அவற்றிலிருந்து மயிரடர்ந்த சாம்பல் நிற ஈக்கள் வந்தன.

எங்களுக்கு அருவருப்பு, அதைவிட வெட்கம். வளர்த்தது அந்து, வந்தது ஈ. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவோமா என்று கேட்டோம். ரீச்சர் கோபிக்கவில்லை. "மற்றதுகளுக்கு ஏன் இது வரயில்லை எண்டு கொப்பி சொல்லும், பாருங்கோ" என்றார். அப்போதுதான் கடைசி நிரலின் பயன் விளங்கியது. ஈ பிடித்தது மரத்தில் வளர்ந்த புழு. மற்ற மூன்றும் முட்டையாகவே பெட்டிக்குள் வந்தவை. ஈ அவற்றை நெருங்க வழியில்லை. இப்படி இன்னொரு பூச்சியின் உடலில் குஞ்சு வளர்க்கும் ஒட்டுண்ணி ஈக்கள் நிறைய உண்டு என்பதையும், அவை இல்லாவிட்டால் எங்கள் தோட்டங்களில் இலையே மிஞ்சாது என்பதையும் அன்றைக்குப் படித்தோம். கிழிக்க நினைத்த பக்கமே கொப்பியில் மிகப் பயனுள்ள பக்கம் ஆகியது.

அன்றைக்கு ரீச்சர் மரியா சிபில்லா மேரியன் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். 1647இல் பிராங்க்பேர்ட்டில் பிறந்தவர். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அவர் முட்டையிலிருந்து வளர்த்து, எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, என்னவாக மாறுகிறது என்று வரைந்து, 1679இல் புத்தகமாக வெளியிட்டார். 1699இல், தன் 52ஆம் வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறி, அங்கத்தைய பூச்சிகளை வளர்த்து வரைந்து 1705இல் இன்னொரு நூல் தந்தார். புழுவிலிருந்து அந்து வராமல் ஈ வந்ததையும் அவர் மறைக்கவில்லை. அது ஏன் என்று அவர் காலத்தில் விளங்கவில்லை. ஆனாலும் கண்டபடியே பதிந்து வைத்தார். 300 வருடத்துக்கு முந்திய அந்தப் பெண்ணுக்கும் எங்கள் கடைசி வாங்குக்கும் ஒரு தொடர்பு உண்டென்று அன்றைக்கு நினைத்தோம்.

மூன்றாவது கூட்டுப்புழு. தின்று முடித்த குடம்பியின் முதுகு பச்சை மாறி, நாவற்பழச் சாயலில் கறுப்பாகும். இலையை விட்டிறங்கிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடும். நோயென்று பயப்படாதீர்கள், அது நிலம் தேடுகிறது. காய்ந்த சருகும் கொஞ்சம் மணலும் போட்டுக் கொடுங்கள். சருகுகளைச் சில நூல்களால் தொடுத்துக்கொண்டு அதற்குள் படுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் உடல் குறுகும். பிறகு கடைசித் தோலையும் கழற்றும். அப்போது உள்ளிருந்து வரும் கூட்டுப்புழு மென்மையானது, வெளிறிய நிறம். சில மணித்தியாலத்தில் இறுகி மண்ணிறமாகும். பக்கங்களில் சுவாசத் துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

கொப்பியில் இந்த இடத்தில் நாங்கள் ஒரு தடித்த பட்டுக்கூடு வரைந்தோம். பாடப்புத்தகத்தில் பட்டுப்புழுவின் படம் அப்படித்தான் இருந்தது. ரீச்சர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆற்றை கூடு, பிள்ளை?" என்று கேட்டார். எங்கள் பெட்டியில் இருந்தது நாலைந்து நூலும் இரண்டு சருகும்தான். அழித்துவிட்டுக் கண்டதை வரைந்தோம். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பற்றி பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றின் படங்களுக்கு மூலமாக இருந்தவை இந்த நாட்டின் டி அல்விஸ் சகோதரர்கள் வரைந்த ஓவியங்கள் என்றும் ரீச்சர் சொன்னார். கண்டதை வரைந்தபடியால்தான் அவை நூறு வருடம் கழித்தும் பயன்படுகின்றன என்பது அவர் சொன்ன காரணம்.

கூட்டுப்புழு 'ஓய்வு நிலை' என்று படித்திருப்பீர்கள். அது ஓய்வல்ல. மெல்லத் தொட்டால் வயிற்றுப் பகுதியை ஆட்டும். உள்ளே குடம்பியின் உடலில் பெரும்பகுதி கரைந்து, சிறகும் காலும் உணர்கொம்பும் உருவாகின்றன. இவ்வாண்டு ஒரு மாணவி, "தான் புழுவாக இருந்தது அந்துக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 2008இல் அமெரிக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த புகையிலை அந்தில் இதைச் சோதித்தார்கள். ஒரு மணத்தை வெறுக்கக் குடம்பிகளைப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழகியவை அந்தான பிறகும் அந்த மணத்தை விலக்கின. இளம் பருவத்தில் பழகியவை அப்படிச் செய்யவில்லை. எல்லாம் கரைவதில்லை, மூளையில் பிற்காலத்தில் உண்டான சில பகுதிகள் மிஞ்சுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

1995 ஒக்ரோபர் 29ஆம் திகதி எங்கள் ஒரே ஒரு குடம்பி கூட்டுப்புழு ஆனது. 17ஆம் திகதி சண்டை தொடங்கிய பிறகு பாடசாலைக்கு வருவோர் குறைந்துவிட்டனர். எங்களில் ஒருத்தி பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். ரீச்சர் போகும்போது அவளிடம் சொன்னது: "கூட்டுக்குப் பக்கத்தில ஒரு சொரசொரப்பான குச்சி நிமித்தி வை. வெளியில வந்த உடனை அது ஏறித் தொங்கவேணும்."

காரணம் இதுதான். கூட்டை விட்டு வரும் அந்தின் சிறகுகள் ஈரமாக, சுருங்கி, நகத்தளவு இருக்கும். அது உடனே செங்குத்தாக ஏறித் தொங்கி, உடலின் திரவத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்தும். அரைமணித்தியாலம் அளவில் சிறகு விரிந்துவிடும், பிறகு காய்ந்து இறுகும். ஏற இடமில்லாமல் வழுக்கி விழுந்தால் சிறகு சுருங்கியபடியே இறுகும். அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

30ஆம் திகதி மாலை வலிகாமத்திலிருந்து எல்லோரும் வெளியேறும்படி அறிவித்தார்கள். அந்த இரவைப் பற்றி இந்த மலரில் வேறு பலர் எழுதியிருக்கிறார்கள், நாங்கள் விரிக்கவில்லை. மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடியடியாக நகர்ந்தது. சைக்கிள் கரியரில் கட்டிய பையில் சான்றிதழ்கள், இரண்டு சட்டை, அவதானிப்புக் கொப்பி, ஒரு பால்மா ரின். ரின்னுக்குள் மணல், சருகு, கூட்டுப்புழு. குச்சி இல்லை. சைக்கிள் குலுங்கும்போது குச்சி விழுந்து கூட்டுப்புழுவை நசிக்கும் என்று பயந்து எடுத்தோம். போய்ச் சேர்ந்த பிறகு திருப்பி வைக்க மறந்துபோனோம்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு இருந்தோம். எங்களில் மூவர் அங்கே சேர்ந்துகொண்டோம். ஒவ்வொரு நாளும் ரின்னைத் திறந்து பார்த்தோம். அந்த நாட்களில் பார்க்க ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான். நவம்பர் 11ஆம் திகதி காலை திறந்தபோது கூடு வெறுமையாகக் கிடந்தது. அந்து ரின்னின் அடியில் இருந்தது. பச்சையும் இளஞ்சிவப்புமாக எங்கள் கண்ணுக்கு முன்னால், முதன்முதலாக. அதன் சிறகுகள் கசக்கிய கடதாசி போலச் சுருங்கி இறுகியிருந்தன. ரின்னின் வழுவழுப்பான பக்கத்தில் இரவு முழுவதும் ஏறி ஏறி வழுக்கியிருக்க வேண்டும். சீனித்தண்ணீர் வைத்தோம். மூன்றாம் நாள் செத்துப்போனது.

ரீச்சர் அப்போது கிளிநொச்சிப் பக்கம் இருந்தார். ஆள்மூலம் ஒரு கடிதம் அனுப்பினோம். அதில் எழுதிய வரி எங்களுக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்: "ரீச்சர், அந்து வந்தது. பறந்து போட்டுது."

ஏன் அப்படி எழுதினோம்? அவரைச் சந்தோசப்படுத்த என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். வீடு விட்டு வந்த ஒருவருக்கு ஒரு நல்ல செய்தியாவது போகட்டுமே என்று. குச்சி வைக்காத பிழையை மறைக்கவும்தான். பிறகு அந்தப் பொய் எங்களை விடவில்லை. 1996இல் திரும்பி வந்தபோது தங்கைமாருக்குச் சொன்னோம். வெளிநாட்டுக்குப் போனவர்கள் அங்கத்தைய ஒன்றுகூடல்களில் சொன்னோம். இடம்பெயர்ந்தபோதும் எங்கள் அந்து பறந்தது என்று. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள், கைதட்டினார்கள். எங்களுக்கே அது பறந்தது போலத்தான் இருந்தது.

ஆனால் கொப்பியில் நாங்கள் அதை எழுதவில்லை. 29ஆம் திகதிக்குப் பிறகு அது வெறுமையாக இருக்கிறது. கடிதத்தில் பொய் எழுதிய கைக்கு, ரீச்சரின் கையெழுத்து இருந்த கொப்பியில் அதை எழுதத் துணிவு வரவில்லை.

போன வருடம் இந்த மலருக்காகப் பழைய மாணவிகளோடு கதைத்தபோது, எங்களுக்குப் பின் படித்த ஒரு தங்கை ஒன்று சொன்னார். 1998இல் அவரும் தோழிகளும் வீட்டில் நந்தியாவட்டைப் புழு வளர்த்தார்களாம். குச்சி வைக்கவேண்டும் என்று புத்தகத்தில் படித்தும் வைக்கவில்லையாம். "அக்காமாரின்ரை ரின்னில குச்சி இல்லாமலே பறந்ததுதானே எண்டு நினைச்சம்." இரண்டு அந்துகள் வந்தன. இரண்டின் சிறகும் சுருங்கிப்போயின. தங்கள் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்து, அதற்குப் பிறகு அவர்கள் எதையும் வளர்க்கவில்லையாம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

பொய்யால் ஒருவருக்கும் கெடுதியில்லை என்று நினைத்திருந்தோம். நாங்கள் செய்த பிழையை எழுதியிருந்தால் அது அடுத்தவருக்குப் பாடமாகியிருக்கும். மறைத்தபடியால் அதே பிழையை அவர்களும் செய்து, பழியைத் தங்கள்மீது போட்டுக்கொண்டார்கள். ஈ வந்த பக்கத்தைக் கிழிக்க வேண்டாமென்று ரீச்சர் சொன்னது இதைத்தான். எங்களுக்கு விளங்க 30 வருடம் பிடித்தது.

ரீச்சர், அது பறக்கவில்லை. நீங்கள் சொன்னபடி நாங்கள் குச்சி வைக்கவில்லை. உங்களிடமும் அந்தத் தங்கைமாரிடமும் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறோம்.

இதற்காகவே இவ்வாண்டு மறுபடி வளர்த்தோம். தரம் 12 மாணவிகள் ஐந்து முட்டை எடுத்தார்கள். ஒன்று பொரிக்கவில்லை. ஒன்று இளம் பருவத்தில் செத்தது. மூன்று கூட்டுப்புழுவாயின. முட்டையில் 4 நாள், குடம்பியாக 17 நாள், தின்னாமல் இருந்தது 3 நாள். ஒவ்வொரு கூட்டுப்புழுவுக்கும் பக்கத்தில் சுற்றிவரச் சாக்குத்துணி கட்டிய குச்சி. பன்னிரண்டாம் நாள் முதலாவது கூட்டுப்புழு கறுத்து, சிறகின் நிறம் கோதுக்கு வெளியே தெரிந்தது. இன்றிரவு வரும் என்று விடுதி அறையில் காவல் இருந்தோம். எங்கள் வயதுக்கு நடுச்சாமம் தாண்டவில்லை, கதிரையிலேயே தூங்கிவிட்டோம். விழித்திருந்தவர் ஒரு மாணவி. கோது பிளந்ததையும், கால்கள் வெளியே வந்ததையும், அது சாக்குத்துணியில் ஏறித் தொங்கியதையும், சிறகு விரிந்ததையும், கடைசியில் செந்நிறத் துளி ஒன்று சொட்டியதையும் நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கிறார். நாங்கள் எழுந்தபோது சிறகு விரித்து இருந்தது. அடுத்தநாள் பொழுதுபடச் சீலையைத் திறந்தோம். கொஞ்ச நேரம் சிறகை நடுங்கவைத்துச் சூடேற்றியது. பிறகு போய்விட்டது. இதை ஐவரில் மூவர் கண்டோம். ஆகவே சொல்கிறோம்.

கோது பிளந்ததை நாங்கள் இன்னும் காணவில்லை. அதை அறிய விரும்புபவர்கள் அந்தப் பிள்ளையின் கொப்பியை வாசியுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக் கட்டட வேலைகள் தொடங்கும்போது அந்த நந்தியாவட்டை வரிசையைத் தறிக்காமல் விடுங்கள். இலையில் ஓட்டை கண்டால் மருந்தடிக்காதீர்கள். ஒரு பிள்ளையைக் கொப்பியோடு அனுப்புங்கள்.

இன்று காலை, இங்கே வருவதற்கு முன்னால், பழைய கொப்பியில் விட்ட வரியை எழுதினோம். ஐவரும் கையொப்பம் இட்டோம். வெளிநாட்டில் இருக்கும் இருவரும் அதற்காகவே வந்தார்கள். அந்த வரியை வாசித்து முடிக்கிறோம்.

"11.11.1995. காலை. அந்து வெளியே வந்திருந்தது. வந்ததைக் காணவில்லை. குச்சி வைக்கவில்லை. சிறகு விரியவில்லை. மூன்றாம் நாள் செத்தது."